இடப்பக்கக் கதவு

கார்ச் சாவியைத் திருகும்போதே பவுன்தாய்க்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு வெளிச்சம் பத்தாது. ஐப்பசி வானத்துக்கு ஒரு கூறு வேண்டாமா, மனுசர் வீடு போய்ச் சேரட்டும் என்று கொஞ்சம் பொறுத்தால்தான் என்ன, சாயங்காலக் காப்பி நேரம் முடிவதற்குள் மேற்கே மொத்தமாகக் கருக்கட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லாம் இவரால் வந்தது. சே, இவரால் என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். நின்றாரே மனுசன் இன்றைக்கு, அந்த இரண்டு கம்பிக்கு நடுவில், யாரும் தாங்கிப் பிடிக்காமல், செத்துக் கிடந்த வலது கால் தரையில் பாவி, முழங்கால் வெடவெடக்க, ஆனாலும் நின்றாரே. தெரபி கொடுக்கிற ஜெனிபா, பாவம் சின்னப் பொண்ணு, "அம்மா, பாருங்கம்மா, அப்பா நிக்கிறாங்க" என்று கத்தியதில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தடவை நிற்கச் சொல்லும்மா, இன்னும் ஒரே தடவை, என்று கேட்டது யார், பவுன்தாய்தானே. கெஞ்சாத குறையாகக் கேட்டாள். அந்த இன்னொரு தடவையில்தான் வெளிச்சம் போயிற்று. அவள் புருசன் தவசி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட்டை அவள்தான் மாட்டிவிட்டாள், வலது கை மடியில் கிடக்கிறது, இடது கை ஜன்னலுக்கு வெளியே கதவின்மேல். கண்ணாடியை ஏற்றலாம் என்றால் விடமாட்டார், தூசி அடித்தாலும் சரி, சாரல் அடித்தாலும் சரி, ஏற்றப் போனால் ஆ ஆ என்று சத்தம் போடுவார். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அந்த ஆ ஒன்றுதான் அவரிடம் மிச்சம். அந்த ஆவை வைத்துக்கொண்டு குடித்தனம் நடக்கிறது.

மெதுவாகப் போனால் இருட்டிவிடும், வேகமாகப் போனால் பக்கத்தில் வருவது தெரியாது, இதில் எதைச் செய்ய. சுத்துப் பார்வை சுருங்கிக்கிட்டு வருதும்மா, என்றார் கண் டாக்டர், போன ஆடியில். நேரா இருக்கிறது தெரியும், பக்கத்துல வர்றது தெரியாது, வெளிச்சம் குறைஞ்சா நேரா இருக்கிறதும் தெரியாது, சொட்டு மருந்து விட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது போனதுதான். சொல்லிவிட்டு, வண்டி கிண்டி ஓட்டுறீங்களா என்று கேட்டார். இல்லை சார், என்றாள். நாக்கு எப்படிப் புரண்டது என்று அவளுக்கே தெரியவில்லை, வாழ்க்கையில் பொய் சொல்லாதவள் இல்லை, ஆனால் அவ்வளவு வழவழப்பாக ஒரு பொய் அவள் வாயில் இருந்து வந்ததே கிடையாது. கீழே இறங்கி, அந்த ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே காரை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. புனேயில் இருக்கிற மகன் கதிரவனிடம் சொன்னால் அடுத்த நாளே வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போவான், போய்விட்டு என்ன செய்வான், லீவு முடிந்து புனேக்குத் திரும்புவான். இவரிடம் சொல்லலாமா. சொல்லி, அந்த மனுசன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதா. கை காலு, பேச்சு, ஒரு வருசத்துக்குள்ள என்ன வருதோ அதுதான் வரும்மா, அதுக்கப்புறம் வர்றது கஷ்டம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மாசி வந்தால் வருசம் முடிகிறது. இன்னும் மாசிக்கு எத்தனை நாள், எண்ணாதே. அதனால் அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான், வெயில் இருக்கும்போதே போய் வெயில் இருக்கும்போதே திரும்பிவிடுவது. இன்றைக்குத்தான் தவறிவிட்டது.

தெரபி சென்டரின் வளாகத்தைப் பார், எவ்வளவு பெரிய இடம், முழுக்க சிமெண்டுக் கல் பதித்து, கோடு கிழித்து, ஒவ்வொரு காருக்கும் ஒரு கட்டம். கல்யாணப் பந்தி போடலாம். கேட்டைத் தாண்டினால் நடக்கிறவன் கால் வைக்க ஒரு சாண் இடம் கிடையாது, நேராக ரோடு. இதே சென்டர் முன்னே டவுனுக்குள் இருந்தது, பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பொடி நடையாய்ப் போய்விடலாம். கார் நிறுத்த இடமில்லாத கட்டடத்தில் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்களாம், அவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு ரிங் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் நடந்து வர வழியில்லை, அட என் அறிவாளிகளா. அவர்களைச் சொல்வானேன், தங்கள் கதை என்ன வாழ்ந்தது. டவுனுக்குள் சொந்தமாக ஒன்றரை சென்ட் இடம் இருந்தது, இவர் ரிட்டயர்ட் ஆனதும் மச்சோடு ஒரு வீடு எழுப்பலாம் என்று இன்ஜினியரைக் கூட்டிவந்தார்கள். அந்த ஆள் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, "கார் எங்கண்ணே நிப்பாட்டுவீங்க?" என்றான். எங்ககிட்ட ஏதுப்பா காரு, என்று இவர் சிரித்தார். நான் நேத்து வரைக்கும் அறுபது பேர் உட்கார்ற வண்டி ஓட்டுனவன், இனிமே எனக்கு எதுக்குக் காரு? "உங்களுக்கு வேணாம்ணே, பிளானுக்கு வேணும்ல. கார் நிக்க இடம் காட்டலேன்னா பாஸ் ஆகாது." காருக்கு இடம் விட்டால் அடுப்படிக்கு இடமில்லை. தெரு வேறு குறுகல், அதற்கு ஒரு சட்டம். விற்றுவிட்டு ரிங் ரோட்டோரம் அடுக்குமாடியில் வீடு வாங்கினார்கள், அங்கே வீட்டுக்கு ஒரு கார் கட்டம் கட்டாயம், விற்றவன் கூடவே எழுதிக் கொடுத்தான். அந்தக் கட்டத்தில் முதல் வருசம் அவள் கொடி கட்டித் துணி காயப் போட்டாள்.

கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறிவிட்டாள். முன்னால் போகிற லாரியின் பின் விளக்கு சிவப்பாகத் தெரிகிறது, அதைப் பிடித்துக்கொள், அதை விட்டுவிடாதே. லாரியைச் சுற்றி எதுவும் இல்லாத மாதிரி இருக்கிறது, இல்லாத மாதிரிதான் இருக்கும், ஆனால் எல்லாம் இருக்கிறது. டொக், என்று கதவில் ஒரு தட்டு. ஆரம்பித்துவிட்டார். வண்டி நகர்ந்தால் போதும், இவர் கைக்கு வேலை வந்துவிடும், கதவுத் தகரத்தில் டொக்கு டொக்கு என்று. ஜெனிபாவிடம் கேட்டதற்கு, நரம்புத் துடிப்பாக இருக்கும்மா, தானா நடக்கும், கண்டுக்காதீங்க என்றாள். கண்டுகொள்ளாமல் எப்படி இருக்க, இருக்கிற பதற்றத்தில் மண்டைக்குள் தட்டுகிற மாதிரி இருக்கிறது. "சும்மா வாங்களேங்க, கையை உள்ளே வைங்களேன்" என்று எத்தனை நாள் சிடுசிடுத்திருப்பாள். பெரிய சத்தத்தோடு வலது பக்கம் ஒரு பஸ் வந்து, அது வருவதே தெரியவில்லை, வந்தபிறகுதான் பஸ் என்று தெரிந்தது, காற்று காரை ஒரு உலுக்கு உலுக்கிற்று, பாலத்தின் மேல் ஏறிப் போய்விட்டது. பைபாஸ் ரைடர். பாலத்துக்குக் கீழேதான் அவர்கள் ஏரியா பஸ் ஸ்டாப். பாலம் கட்டியபிறகு எந்த பஸ்ஸும் கீழே இறங்குவதில்லை, நேரம் மிச்சம் பிடிக்கிறார்களாம். இவரே கடைசி வருசங்களில் அந்த பஸ்ஸைத்தான் ஓட்டினார். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். "கீழே நின்னு கை காட்டுறாய்ங்க பவுனு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்குதுக. இறங்குனா மெமோ குடுக்கிறான். பாக்காத மாதிரி மேலே ஏறிப் போறேன்." அதற்கு அவள், விடுங்க, சட்டம் அப்படின்னா நீங்க என்ன செய்வீங்க, என்று குழம்பை ஊற்றினாள். பிறகு ஒரு நாள் அவளே அந்தப் பாலத்துக்குக் கீழே, கை கால் விழுந்த புருசனைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு, மேலே போகிற பஸ்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஷேர் ஆட்டோ நாலு வழிச் சாலைக்கு வரக்கூடாது என்று போலீஸ் மறித்துவிட்டது. செல்லில் கூப்பிட்டால் வருகிற டாக்ஸிக்காரன் எங்கே போகணும் என்று கேட்டுவிட்டு ரத்து செய்துவிடுவான், திரும்புகையில் சவாரி கிடைக்காதாம். வருகிற ஒன்றிரண்டு பேரும் சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்கள்.

அப்போதுதான் கதிரவன் புனேயில் இருந்து பேசினான், அம்மா, அப்பா பேர்ல கார் எடுத்தா வரி குறைச்சல்ம்மா, ஊனமுற்றவங்களுக்குச் சலுகை இருக்கு. கை கால் விளங்காதவர் பேரில் கார்! ஒரு பஸ்ஸைக் கீழே இறங்கச் சொல்ல நாட்டில் ஆளில்லை, கார் வாங்குகிறேன் என்றால் எத்தனை பேர் கை கொடுக்கிறார்கள், பேங்க்காரன் வீட்டுக்கே வந்தான். ஐம்பது வயதுக்கு மேல், அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், மகளிர் மட்டும் என்று போர்டு போட்ட டிரைவிங் ஸ்கூலில் போய் கிளட்சை மிதித்தாள். கண்ணுக்குச் சர்டிபிகேட் கொடுத்த டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. கண்ணு நல்லாத் தெரியுதாம்மா? தெரியுது சார். சீல் குத்தினார். அப்போதே கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது, வயசாச்சு என்று நினைத்தாள். யாராவது ஒருத்தர் நிமிர்ந்து பார்த்திருந்தால், ஒரே ஒருத்தர், இந்தப் பக்கம் எத்தனை விரல் என்று கேட்டிருந்தால். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். லைசென்ஸ் இல்லை என்றிருப்பார்கள். இவர் இன்றைக்கு நின்றிருக்க மாட்டார். அப்பாடா, கேட்காமல் விட்டார்களே என்றும் இருக்கிறது, பாவிகள் கேட்கவில்லையே என்றும் இருக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லாரி எங்கே. சிவப்பு விளக்கைக் காணோம். ஆத்தாடி, லாரியைக் காணோமே.

டொக். பலமாக. இத்தனை பலமாக அவர் தட்டியதே இல்லை, தகரம் அதிர்ந்தது, அந்த அதிர்ச்சியில்தான் அவள் பிரேக்கை மிதித்தாள், பார்த்து மிதிக்கவில்லை, பயந்து மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. இடது பக்க விளக்கின் வெளிச்சத்துக்குள் ஒரு சைக்கிள் சக்கரம் வந்தது, அப்புறம் ஒரு தூக்குவாளி, அப்புறம் தூக்குவாளியைப் பிடித்திருந்த ஆள். மில்லு ஷிப்ட் விட்டு வருகிறவர்கள், ரோட்டின் வெள்ளைக் கோட்டின் மேலேயே வரிசையாகப் போகிறார்கள், வேறு எங்கே போவார்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம். காரின் மூக்குக்கும் அந்த ஆளின் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை நுழையாது. "ஏம்மா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்றான். ஆள் கோபப்படக்கூட இல்லை, தினம் சொல்கிற பேச்சைச் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கும், வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் போயிருந்தால். கொன்றிருப்பேன், இன்றைக்கு ஒரு உயிரைக் கொன்றிருப்பேன், இவர் நின்றதை ஊர் பூராவும் சொல்லிச் சந்தோசப்பட வேண்டிய நாளில். பின்னால் எவனோ ஆரன் அடிக்கிறான். அவளால் கியரைப் போட முடியவில்லை. அப்போது கதவில் டொக் டொக் என்று இரண்டு தரம் கேட்டது.

அவள் அசையவில்லை. மறுபடி, டொக் டொக். அவசரமில்லாமல், இரண்டுக்கும் நடுவில் அளந்த மாதிரி ஒரு இடைவெளி விட்டு. இந்தத் தட்டை அவள் எங்கோ கேட்டிருக்கிறாள். எங்கோ என்ன, வாழ்க்கை பூராவும் கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் இவர் ஓட்டுகிற பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு தேனி வரைக்கும் சும்மாவே போய்விட்டு வருவாள், கண்டக்டர் பால்சாமி அண்ணன் விசில் வாங்கித் தொலைத்துவிட்டுக் கையாலேயே பஸ்ஸின் தகரத்தில் அடிப்பார். ஒரு அடி என்றால் நில். இரண்டு அடி என்றால் ரைட், போ. டெப்போவில் வண்டியைப் பின்னால் எடுக்கையில் இவர் கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டார், காதைத்தான் கொடுத்திருப்பார். "என்னங்க, திரும்பிப் பாக்காமலே ஓட்டுறீங்க, பயமா இல்லையா?" என்று அவள் கேட்டதற்கு, "பின்னாடி நிக்கிறவனுக்குக் கண்ணு இருக்குல்ல, அது போதும் பவுனு" என்று சொன்னார். நரம்புத் துடிப்பாம். தானாக நடக்கிறதாம். பவுன்தாய் மெதுவாகத் தலையைத் திருப்பி, இருட்டுக்குள் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். "ஏங்க" என்றாள். "ஒண்ணுன்னா நிக்கணுமா?" பிறகு கதவில், டொக் டொக்.

வண்டி நகர்ந்தது, அவள்தான் நகர்த்தினாள், ஆனால் மனசு பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஆவணியில் ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் திடீரென்று ரோட்டில் இறங்கியபோது ஒரு தட்டு. சும்மா இருங்க என்று கத்தினாள், கத்திக்கொண்டே ஏதோ நினைப்பில் வேகத்தைக் குறைத்தாள், பிள்ளைகள் போய்விட்டார்கள். புரட்டாசியில் மாடு. முந்தின வாரம் பெட்ரோல் பங்க் வாசலில். எத்தனை தட்டு, எத்தனை உயிர், அத்தனையையும் இந்த மனுசன் ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியிருக்கிறார், அவள் அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து மடியில் வைத்துவிட்டு, பேசாம வாங்க என்று அதட்டியிருக்கிறாள். ஒரு தடவை கண்ணாடியைக்கூட ஏற்றிவிட்டாள், கை நசுங்கப் பார்த்தது. அப்போதும் ஆ என்றார். அந்த ஆவுக்கு இதுவா அர்த்தம். ஆடியிலிருந்தே தெரிந்திருக்கிறது இவருக்கு. வழி நெடுகத் தெரிந்துகொண்டே, பெல்ட்டில் கட்டுண்டு, ஸ்டியரிங் எட்டாமல், பிரேக் எட்டாமல், வாயைத் திறந்து நிறுத்துடி பாவி என்று சொல்ல வார்த்தை இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். பஸ் ஓட்டின காலத்தில் ஒரு கோழிக்குஞ்சை அடித்ததில்லை என்று பெருமை பேசுகிறவர். அவரைக் காப்பாற்றத்தான் மறைத்தேன், மறைக்கவே இல்லையே, யாரை ஏமாற்றினேன், கண் டாக்டரை, மகனை, கவர்மெண்டை, எல்லோரையும் ஏமாற்ற முடிந்தது, ஏமாற்ற வேண்டியிருந்த இந்த ஒரு மனுசனை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. அழுகை வந்தது. அழாதே, அழுதால் இருக்கிற பார்வையும் போகும், தண்ணீர் கட்டினால் எதிர் விளக்கெல்லாம் விரிந்துவிடும். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிவிடலாமா. நிறுத்தி? வண்டிகளை நிறுத்தாதீர்கள் என்று போர்டு இருக்கிறது. இறங்கி, இவரை இறக்கி, சக்கர நாற்காலியை அந்தப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டு, அவளே இருட்டில் தடவிக்கொண்டு, எங்கே போவது. பின்னால் வருகிற லாரி இரண்டு பேரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். ஓட்டினால் ஒருத்தனைக் கொல்வேன், நின்றால் இவரைக் கொல்வேன். இந்த ரோடு போட்ட மகராசன் இதற்கு ஒரு வழி யோசித்திருப்பானா என்று கேட்டால் அவனும் காருக்குள்தான் உட்கார்ந்திருப்பான்.

வலது பக்கம் உயரத்தில் வரிசையாக விளக்குகள், அவர்கள் அடுக்குமாடி. சிமெண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம், இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் வாட்ச்மேனுக்குக் கேட்கும். முன்னே அங்கே ஒரு திறப்பு இருந்தது, காரெல்லாம் நின்று போக வேண்டியிருக்கிறது என்று அடைத்துவிட்டார்கள். இப்போது வீட்டைத் தாண்டிப் போய், நெடுந்தூரம் போய், யூ டர்ன் அடித்து, அவ்வளவு தூரமும் திரும்பி வர வேண்டும். வீடு கண்ணுக்கு முன்னால் பின்னே போகிறது. வெளிச்சம் முழுசாகப் போய்விட்டது. விளக்குகள் மட்டும் இருக்கின்றன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது வண்டி எது கடை எது கம்பம் என்று பிரிக்க முடியாமல். அவள் காதைக் கொடுத்தாள். டொக், என்றால் கால் பிரேக்குக்குப் போனது. டொக் டொக், என்றால் எடுத்தாள். சில நேரம் எதற்காக நின்றாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை, ஏதோ ஒன்று குறுக்கே போய்விட்டது, அவ்வளவுதான். யூ டர்ன் திறப்பில் வலது பக்கம் மூக்கைத் திருப்பி நிறுத்தினாள். இனிமேல் வருகிற வண்டியெல்லாம் இடது பக்கத்திலிருந்து வரும், அவர் பக்கத்திலிருந்து. சத்தம் மட்டும் வந்து வந்து போகிறது. டொக். காத்திருந்தாள். டொக். பின்னால் ஆரன்கள், ஒன்று, இன்னொன்று, எவனோ கெட்ட வார்த்தை. "ஏங்க, போகலாமா?" டொக். எவ்வளவு நேரமாக நிற்கிறோம், இவருக்குக் கை வலிக்காதா, இவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறதா, மூளையில் ரத்தம் கட்டினவர், ஒருவேளை இவருக்கும், சே, அதை நினைக்காதே, நினைத்தால் இங்கேயே விடிந்துவிடும். பால்சாமி அண்ணன் அடித்தால் இவர் நம்பினாரே. டொக் டொக். அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, திறந்துதான் வைத்திருந்தாள், இரண்டும் ஒன்றுதான், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாள். முகத்தில் ஒரு பெரிய வெளிச்சம் அடித்து, நீளமாக ஒரு ஆரன் கேட்டு, தேய்ந்து பின்னால் போனது. மோதவில்லை. ரோடு நேரானது.

வாட்ச்மேன் சல்யூட் வைத்தார் போல, குரல் மட்டும் கேட்டது, "என்னம்மா, இன்னைக்கு லேட்டு?" அவள் ஏதோ சொன்னாள். கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே நுழைந்தாள், ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது, சட்டத்துக்காக ஒதுக்கிய கட்டம், துணி காய்ந்த கட்டம், அதற்குள் காரை விட்டு சாவியைத் திருகி எடுத்தாள். இன்ஜின் சத்தம் நின்றது. டொக், என்று ஒரு தட்டு கேட்டது. "நின்னுருச்சுங்க, சாவிய எடுத்துட்டேன், வீட்டுக்கு வந்துட்டோம்" என்றாள். டொக். "வந்துட்டோம்ங்க." டொக். மெதுவாக, கண்டிப்பாக, மெமோ கொடுக்கிற ஆபீசரிடம்கூட அவர் அப்படி அழுத்தமாக மறுத்ததில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவர் இந்த வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். இனிமேல் சாவியை எடுக்காதே, அந்தக் கம்பிக்கு நடுவில் நான் நின்றது போதும், இப்படியே கிடந்துவிட்டுப் போகிறேன் என்கிறார். பேச்சு வேண்டாம் என்கிறார், கால் வேண்டாம் என்கிறார். ஒற்றைத் தட்டில் தன் ஆயுசையே நிறுத்தி வைக்கிறார் பாவி மனுசன். "முடியாதுங்க" என்றாள். "இன்னைக்கு நின்னீங்க. நான் பாத்தேன். எனக்குத் தெரியுறதே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்துல அதைப் பாத்தேன்." அசையாமல் உட்கார்ந்திருந்ததில் தலைக்கு மேல் விளக்கு தானாக அணைந்துபோனது. முழு இருட்டு. அவர் எங்கே இருக்கிறார் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது, மூச்சில் அழுகை இருந்தது. டொக், என்றது அந்தப் பக்கத்துக் கதவு. "வியாழக்கிழமை தெரபிக்கு மத்தியானமே கிளம்பிருவோம், வெயில்லயே வந்துருவோம்" என்று சொல்லிவிட்டு, பவுன்தாய் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, கதவில் இரண்டு தரம் தட்டினாள்.